மடிப்புக் கலையாத கலை

"ஏம்மா, கடுதாசியை வச்சிக்கினு ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க? காலையிலேருந்து பாக்கறேன். மடிக்கிறீங்க, பிரிக்கிறீங்க, மறுபடியும் மடிக்கிறீங்க! நான் துணியை மடிச்சா உருப்படிக்கு இவ்வளவுன்னு காசாவது வரும்."

இப்படிக் கேட்டவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஆயா. பதில் சொல்ல முடியாமல் விழித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றொருத்தி ஆயாவின் பேத்தி. எங்கள் பக்கத்துப் போர்ஷன் பெண். இடம், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டு. சமயம், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியான மறு வாரம்.

அந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், கணக்கைத் தவிர. தேற 35 மார்க்கு வேண்டும்; அவள் வாங்கியது 27. வடிவியல் கேள்விக்கு மட்டும் எட்டு மார்க்கு உண்டு. அதில் அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம். "கவராயத்தைக் கையில் எடுத்தாலே கை நடுங்குது அத்தை" என்று என்னிடம் வந்து அழுதாள். அவளுடைய அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கெட்டவர் அல்ல, களைத்துப் போனவர். "ஜூலையில் இன்னொரு தடவை எழுதட்டும். அதிலும் போச்சுன்னா எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் சொல்லி வைச்சிருக்கேன், வேலைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. நவராத்திரிக் கொலுவுக்குக் காகிதத்தில் கொக்கும், தாமரையும், படகும் மடித்து வைக்கிற சாதாரணக் குடும்பஸ்திரீ. இந்த வருஷமாவது தந்தமும் தும்பிக்கையும் உள்ள ஒரு நல்ல யானை மடித்து வைக்க வேண்டும் என்று ஆசை. "அழுதது போதும், வா. எனக்குக் காகிதம் பிடித்துக் கொடு" என்று அவளை உட்கார வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஜப்பானிய மொழியில் 'ஓரி' என்றால் மடிப்பது, 'காமி' என்றால் காகிதம். இரண்டும் சேர்ந்து 'ஓரிகாமி'. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஒரே சதுரக் காகிதம், பத்து விரல்கள். கத்திக் கப்பல் செய்யத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கலையின் முதல் படி தெரியும். ஆனால் முதல் படிக்கும் பத்தாவது படிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது அந்த யானையைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் யானையின் கதி

பரிசுப் பொட்டலம் கட்டுகிற பளபளப்புத் தாளை வாங்கி வந்து ஆரம்பித்தோம். பார்க்கப் பட்டுப் புடவை மாதிரி இருந்தது. பத்தாவது மடிப்பில் மடித்த இடமெல்லாம் சாயம் உதிர்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. இருபதாவது மடிப்பில் தும்பிக்கை நுனி கிழிந்தது. மேலே பூசிய மெருகுதான் அழகு. உள்ளே இருந்த காகிதத்தில் சத்தே இல்லை.

அடுத்த முறை, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரை எடுத்தோம். அது ஏழை வீட்டுப் பெண்ணைப் போல அடக்கமாக, ஆனால் உறுதியாக நின்றது. எத்தனை தடவை மடித்துப் பிரித்தாலும் கிழியவில்லை. காரணம் இதுதான்: பிரவுன் பேப்பரில் மரநார் நீளமாக இருக்கிறது. நார் நீளமாக இருந்தால் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்ளும். பழைய காகிதத்தைக் கூழாக்கி மறுபடி செய்யும் தாளில் நார் துண்டு துண்டாகிவிடுவதால் சீக்கிரம் விரிசல் விடும். ஜப்பானியர்கள் கொண்டாடும் 'வாஷி' காகிதத்தில் 'கோஸோ' என்ற செடியின் பட்டை நார் மிகவும் நீளமானது. அதனால்தான் அது மெல்லியதாக இருந்தும் துணி போல உழைக்கிறது.

காகிதத்துக்கு ஓட்டம் உண்டு என்பதும் அப்போதுதான் புரிந்தது. நம்பாதவர்கள் இன்றைய தினசரியை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள்; நேராகக் கிழியும். குறுக்கே கிழியுங்கள், கோணல்மாணலாகப் போகும். ஆலையில் காகிதம் ஓடுகிற திசையிலேயே நார்களும் படுத்துக்கொள்வதால் வரும் விளைவு இது. ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு சுலபமாக விழும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். கையால் செய்யும் காகிதத்தில் இந்த முரண்டு மிகவும் குறைவு. புதுச்சேரியில் பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்கிறார்கள். ஜவுளிக்கடை வெட்டுத் துணி காகிதமாகப் பிறவி எடுக்கிறது என்றால் எங்கள் பேட்டைக்காரர்களுக்குச் சந்தோஷம்தானே!

காகிதம் தேடி ஒரு நாள் வெளியே கிளம்பினோம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அடுத்தது உயர்நீதிமன்றம். இறங்கி நடந்தால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து டிஷ்யூ தாள் வரை காகிதத்துக்கென்றே அமைந்த தெரு. அந்தப் பெண் ஒவ்வொரு தாளையும் விரலால் சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்டாள். ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "தேங்காய் வாங்க வந்தியா பாப்பா?" என்று கேட்டார். ஆனால் அவள் செய்தது சரிதான். நல்ல காகிதம் கணகணவென்று பேசும். நைந்துபோன காகிதம் மொத்தென்று இருக்கும்.

மடித்துப் பிரிப்பதே பாதி வேலை

"மடிக்கிறீங்க, பிரிக்கிறீங்க" என்று ஆயா கேலி செய்தாரே, அதுதான் மேல்நிலை மடிப்பின் உயிர். கொக்கு, படகு எல்லாம் ஒரு மடிப்புக்குப் பின் ஒரு மடிப்பாக வளர்பவை. பெரிய உருவங்கள் அப்படி அல்ல. முதலில் காகிதம் முழுவதும் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல மடிப்புக் கோடுகளைப் போட்டுவிட்டு, தாளைப் பிரித்து வைத்துவிட வேண்டும். பிறகு எல்லாக் கோடுகளையும் ஒரே சமயத்தில் உள்ளே தள்ளிச் சுருக்க வேண்டும். புள்ளி பிசகினால் கோலம் பிசகும் அல்லவா? இங்கும் அப்படியே. ஒரு நூல் பிசகு பத்து மடிப்புக்குப் பிறகு ஒரு விரற்கடை ஆகிவிடும்.

மடிப்பு இரண்டே வகை. மடித்த முதுகு நம்மை நோக்கி எழும்பினால் மலை. உள்ளே பதுங்கினால் பள்ளம். எத்தனை பெரிய உருவமானாலும் இந்த இரண்டும்தான். ஜப்பானியரான ஜுன் மாயேகாவா பெயரால் ஓர் அழகான விதி வழங்குகிறது. தட்டையாக மடிந்த ஓர் உருவத்தைப் பிரித்து, நடுவில் கோடுகள் கூடும் ஏதாவது ஒரு புள்ளியைப் பாருங்கள். அங்கே மலைக்கோடுகளையும் பள்ளக்கோடுகளையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் இரண்டாகவே இருக்கும். தோஷிகாஸு கவாசாகியின் விதி இன்னொன்று. அதே புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் சரியாக 180 பாகை வரும்.

எங்கள் பெண் இதை நம்பவில்லை. கொக்கு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வந்தாள். அளந்தாள், கூட்டினாள். 180. இன்னொரு புள்ளி. அதுவும் 180. "அத்தை, இது ஏமாத்தவே இல்லை!" என்றாள். பள்ளிக்கூடப் பெட்டியை அவள் தானாகத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. படிக்கிற குழந்தையைப் 'படிக்கிறாயே' என்று சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது.

கனம் என்கிற எதிரியும் உண்டு. சாதாரண வெள்ளைத் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு தடவை மடித்தால் 2 அடுக்கு; ஐந்து தடவை மடித்தால் 32; ஏழு தடவை மடித்தால் 128 அடுக்கு, ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் மேல்! எட்டாவது தடவை மடிக்க முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 2002-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரிட்னி காலிவன் என்ற பள்ளி மாணவி, எவ்வளவு மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சூத்திரம் கண்டுபிடித்தாள். ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளமுள்ள மெல்லிய தாள் சுருளைப் பன்னிரண்டு தடவை மடித்துக் காட்டினாள். ஒரு பள்ளிப் பெண்!

பூரித் தட்டில் யானை

நான்கு கால், ஒரு தும்பிக்கை, இரண்டு தந்தம், இரண்டு காது, ஒரு வால். இத்தனையும் ஒரே சதுரத்திலிருந்து எப்படி வரும்? சமையலறைக்குப் போனால் விடை கிடைக்கும். விரித்த மாவில் டம்ளரைக் கவிழ்த்துப் பூரிக்கு வட்டம் வெட்டுகிறோமே, அதே கணக்கு. காகிதத்தில் ஒவ்வொரு நீண்ட உறுப்புக்கும் ஒரு வட்டம் இடம் வேண்டும். காலின் நீளம் எவ்வளவோ, அதுவே வட்டத்தின் ஆரம். சதுரத்தின் மூலையிலிருந்து காலை எடுத்தால் கால் வட்டம் போதும். விளிம்பிலிருந்து எடுத்தால் அரை வட்டம். நடுவிலிருந்து எடுத்தால் முழு வட்டம் செலவாகும். ஆகவே மூலைதான் சிக்கனம். நான்கு மூலையும் கொக்கின் தலை, வால், இரு இறக்கைகளாகிவிடுகின்றன. ஆறு காலும் இரண்டு கொம்பும் உள்ள வண்டுக்கு விளிம்பையும் நடுவையும் துணைக்கு அழைத்தாக வேண்டும்.

இந்த வட்டக் கணக்கை விரிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் ராபர்ட் லாங். பௌதிக விஞ்ஞானி. லேசர் ஆராய்ச்சி உத்தியோகத்தை 2001-ல் விட்டுவிட்டு முழு நேரமும் காகிதம் மடிக்க வந்தவர். எந்த உறுப்பு எவ்வளவு நீளம் என்று சொன்னால் மடிப்புக்கோடுகளைப் போட்டுக் கொடுக்கும் கணிப்பொறி நிரல் ஒன்றையும் எழுதினார். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ, நமக்குத் தெரியாது!

இத்தனை கால்களுள்ள வண்டுக்குப் பிரவுன் பேப்பர் கனம். தனி டிஷ்யூ தாளோ துவண்டுவிடும். கலைஞர்கள் இரண்டு டிஷ்யூ தாள்களுக்கு நடுவே சமையலறை அலுமினியத் தகட்டை வைத்து ஒட்டிக்கொள்கிறார்கள். நார் கிழியாமல் காக்கும். தகடு மடித்த இடத்திலேயே நிற்கும். மெல்லிய தாளுக்கு 'மீதைல் செல்லுலோஸ்' என்ற பசையைப் பூசி உலர்த்தியும் விறைப்பு ஏற்றுகிறார்கள். தூளாகக் கிடைக்கிறது, தண்ணீரில் கரைத்தால் கூழாகும். மைதாப் பசையும் ஆகும், ஆனால் கரப்பானுக்கு விருந்து. புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது அதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆயா சொன்ன பாடம்

எங்கள் இரண்டாவது யானை நின்றது. ஆனால் ஒரே நாள். கடற்கரைக் காற்று வீசும் ஊர் அல்லவா? இராத்திரி ஈரத்தைக் குடித்துவிட்டு, காலையில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "நான் தொட்டாலே எல்லாம் இப்படித்தான்" என்றாள். அவள் சொன்னது யானையைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிந்தது.

அப்போது ஆயா வண்டியை விட்டு வந்து யானையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"காஞ்ச துணியிலே பொட்டி தேய்ச்சா மடிப்பு நிக்குமாடி? தண்ணி தெளிக்கணும். கஞ்சி போட்டிருந்தா இன்னும் நல்லது. ஈரத்திலே மடிக்கணும், காயற வரைக்கும் கை எடுக்கக் கூடாது. இது தெரியாமலா இஸ்கோல்ல படிச்சே?"

நான் திகைத்துப் போனேன். ஆயா சொன்னது, ஓரிகாமி உலகில் பெரிய புதுமை என்று போற்றப்படும் ஈர மடிப்பின் சாராம்சம்! பருத்தித் துணியும் காகிதமும் ஒரே வம்சம். இரண்டும் 'செல்லுலோஸ்' என்ற பொருளால் ஆனவை. தண்ணீர் பட்டால் நார்களுக்குள் இருக்கும் பிடிப்பு தளர்கிறது. காய்ந்ததும் அப்போது இருக்கும் நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்கிறது. கஞ்சி அந்தப் பிடிப்பை இறுக்குகிறது. சட்டைக் காலரின் விறைப்புக்கும் காகித யானையின் முதுகு வளைவுக்கும் காரணம் ஒன்றே.

கம்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் எங்கள் பேட்டைக்கு இந்தப் பெயர். நீரும் கஞ்சியும் வெயிலும் துணியை என்ன செய்யும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைக்குத் தெரிந்த சங்கதி. நான் அதைத் தேடி ஜப்பான் வரை போயிருக்கிறேன்.

ஈர மடிப்பை உலகுக்குக் காட்டியவர் அகிரா யோஷிஸாவா. 1911-ல் பிறந்தவர். இளம் வயதில் ஓர் ஆலைத் தொழிலாளி. ஆலையில் வரைபடம் போடும் வேலைக்கு உயர்ந்தபோது, புதிய தொழிலாளிகளுக்கு ஜியோமிதி சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் வந்தது. எப்படிச் சொல்லிக் கொடுத்தார் தெரியுமா? காகிதத்தை மடித்து! பிறகு ஆலை வேலையை விட்டார். வறுமையில் வீடு வீடாகத் தின்பண்டம் விற்றுக்கொண்டே மடித்தார். 1954-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. 1955-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் அவர் மடித்த உருவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. புள்ளிக் கோடும் அம்புக்குறியும் போட்டு மடிப்பைப் படத்தில் காட்டும் முறையும் அவர் வகுத்ததே. அதனால்தான் ஜப்பானிய மொழி தெரியாத நாமும் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடிக்க முடிகிறது. 1983-ல் ஜப்பானிய அரசு அவருக்கு 'உதயசூரியன்' விருது கொடுத்துக் கௌரவித்தது. 2005-ல், தம் பிறந்த நாளன்றே காலமானார்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆலைச் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். எங்கள் பெண் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஈர மடிப்புக்குக் கனமான தாள் வேண்டும். கல்யாணப் பத்திரிகைத் தாள் அளவுக்குக் கனம் இருக்கலாம். துணியை நனைத்துப் பிழிந்து இரு பக்கமும் லேசாக ஒற்ற வேண்டும். தாள் தோல் மாதிரி மெத்தென்று ஆக வேண்டுமே தவிர, மேலே பளபளவென்று நீர் நிற்கக் கூடாது. நின்றால் ஊறிக் கிழியும். நகத்தால் கீறி மடிக்காமல், விரலால் வளைத்து மெதுவாக உருவம் கொடுக்க வேண்டும். கால்களுக்குத் துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுக் காய விட வேண்டும். ஆயா சொன்னபடி, காயும் வரை கை எடுக்கக் கூடாது!

சென்னைப் பட்டணத்துப் புத்தகம்

இதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. தண்டலம் சுந்தர ராவ் என்பவர் 1893-ல் எழுதிய புத்தகம். காகிதத்தை மடித்து ஜியோமிதி கற்பது பற்றி ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் அடிசன் கம்பெனி மூலம் வெளியிட்டிருக்கிறார். அவர் வருவாய் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். குழந்தைப் பள்ளிக்கூடங்களுக்கு விற்ற, இருநூறு வண்ணச் சதுரங்கள் அடங்கிய விளையாட்டுக் காகிதக் கட்டைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை தோன்றியதாம். கவராயம் வேண்டாம், பேனாக் கத்தியும் துண்டுக் காகிதமும் போதும் என்று ஆரம்பிக்கிறார். ஒழுங்கில்லாத ஒரு தாளைச் சதுரமாக்குவதில் தொடங்கி, முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று ஏறி, கல்லூரியில் படிக்கும் வளைகோடுகள் வரை போகிறார்.

ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் 1895-ல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901-ல் பீமன், டேவிட் யூஜீன் ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் பதிப்பித்துச் சிகாகோவில் வெளிவந்தது. இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. 1936-ல் இத்தாலியில் மார்கெரிட்டா பெலோக் என்ற பெண்மணி இன்னும் ஒரு படி மேலே போனார். அளவுகோலும் கவராயமும் கொண்டு தீர்க்க முடியாத முப்படிச் சமன்பாடுகளைக் கூடக் காகித மடிப்பால் தீர்க்கலாம் என்று காட்டிவிட்டார். கவராயத்தைப் பார்த்து நடுங்கிய எங்கள் பெண்ணிடம், "கவராயத்தால் முடியாததும் காகிதத்தால் முடியுமாம்" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு ஓடியது.

நீங்களும் இரண்டு மடித்துப் பாருங்கள்.

முதலாவது, சமபக்க முக்கோணம். சதுரத்தை இடம் வலமாக இரண்டாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் நேர்க்கோடு விழும். கீழே இடது மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி, அதன் நுனி நடுக்கோட்டைத் தொடும்படி மடியுங்கள். மடிப்பு இடது மூலை வழியாகப் போக வேண்டும். நுனி தொட்ட இடத்தில் புள்ளி வைத்துப் பிரித்து, அந்தப் புள்ளியைக் கீழ் மூலைகள் இரண்டோடும் சேருங்கள். மூன்று பக்கமும் சமம். ஒவ்வொரு கோணமும் 60 பாகை. கீழ் விளிம்பே கவராயத்தின் கால் போலச் சுழன்று அளவை எடுத்துக் கொடுத்துவிட்டது!

இரண்டாவது, சதுரத்தை மூன்று சம பாகமாக்குவது. பாதியும் காலும் யாரும் மடிப்பார்கள். மூன்றில் ஒன்றுதான் தகராறு. மேல் விளிம்பின் நடுவே சின்னதாக அடையாளம் செய்யுங்கள். கீழ் வலது மூலையைக் கொண்டுவந்து அந்த அடையாளத்தில் வைத்து மடியுங்கள். இப்போது கீழ் விளிம்பு சாய்ந்து போய் இடது விளிம்பை வெட்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ளது சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஜப்பானியப் பேராசிரியர் கஸுவோ ஹாகாவின் பெயரால் வழங்கும் தேற்றம் இது.

இது ஏன் மூன்றில் ஒன்றாகிறது என்று எங்கள் பெண் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். "அத்தை! ரெண்டு மூலையிலேயும் இருக்கிற முக்கோணம் வடிவொத்த முக்கோணம்! எங்க புஸ்தகத்திலேயே இருக்கு!"

பொம்மை விளையாட்டா?

"அந்த நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டுப் பழகலாம்ல?" என்று அவளுடைய அப்பா ஒருநாள் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் மூன்று விஷயங்கள் சொன்னேன். கோர்யோ மியூரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டுபிடித்த மடிப்பு, இரு மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுவதும் விரியும். 1995-ல் விண்வெளிக்குச் சென்ற ஜப்பானியக் கலத்தில் அந்த மடிப்பில் சுருட்டி வைத்த தகடு விரிக்கப்பட்டது. அடைபட்ட இரத்தக் குழாயில் சுருங்கிப் போய் உள்ளே விரியும் குழலையும் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரிகாமி முறையில் வடிவமைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் பிறந்த மனு பிரகாஷ் அமெரிக்காவில், ஏழைப் பள்ளிக்கூடங்களுக்கென்று காகிதத்தை மடித்தே பூதக்கண்ணாடிக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மனம் மாறினாரா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு லாரியை விட்டு வந்தவர், கையில் பெரிய சுருள் ஒன்றோடு எங்கள் வாசலில் நின்றார். சரக்குப் பெட்டியில் அடியில் விரித்திருந்த தடித்த பிரவுன் பேப்பராம். வேண்டாம் என்று எறிய இருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அழுக்கு ஓரத்தைக் கத்தியால் நறுக்கி எடுத்துவிட்டிருந்தார்.

"இது ஆவுமா பாருங்கம்மா. கிழியலை. நானே ரெண்டு மடிப்பு மடிச்சுப் பாத்தேன்."

அந்தத் தாளில்தான் எங்கள் மூன்றாவது யானை பிறந்தது. ஒரு முழத்துக்கு மேல் உயரம். ஆயா கஞ்சி காய்ச்சித் தந்தார். பேத்தி மடித்தாள். நான் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யானையின் காதைத்தான். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை. ஆனாலும் ஒரு வாரக் கடற்காற்றுக்கு அசையாமல் நின்றது.

ஜூலையில் அவள் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். வடிவியல் கேள்வியில் கவராயத்தைத்தான் பிடிக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் மடிக்க விடமாட்டார்களே! "கோணம் எங்கே விழும்னு கையிலே மடிச்சுப் பாக்கற மாதிரி நெனைச்சுக்கிட்டேன் அத்தை. அப்புறம் வரைஞ்சேன். கை நடுங்கலை" என்றாள். இதை எழுதும்போது முடிவு இன்னும் வரவில்லை. வரட்டும். எப்படி வந்தாலும், அந்தக் கை நடுங்காமல் கோடு போடக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை யாரும் பிரித்துவிட முடியாது.

யானை இப்போது கொலுப்படிக்காக எங்கள் பரண்மேல் காத்திருக்கிறது. ஆயா மட்டும் தினமும் வந்து அதன் முதுகை ஒருமுறை தடவிப் பார்க்கிறார். நேற்று சொன்னார்:

"மடிப்பு நிக்குதும்மா. இதுக்கு ஒரு உருப்படிக் காசு எனக்குத் தரணும், ஆமா!"